வயிற்றோடு கட்டிய மூன்று குடுவைகள்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு என் மகள் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் போனாள்.

மாத்தளை ரயில் நிலையத்தின் சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. அதனால்தான் நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்டால் கொஞ்சம் தடுமாறுவேன். யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஒன்று. மழைக்காலம். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கண்டியிலிருந்து வந்த கோச்சியில் இறங்கியவர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஆண்களை எல்லோர் முன்னாலும் சோதித்தார்கள். பெண்களுக்கு மட்டும் ஒரு மறைப்பு. பலகைச் சட்டத்தில் பச்சைத் துணி அடித்து, உள்ளே இருவர் நிற்கிற அளவுக்கு இடம். நான் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் குடையோடு நின்றேன். தர்ஷினி என்னைக் கண்டும் கையசைக்கவில்லை. இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, நிறைமாதக்காரி போல அடியெடுத்து வந்தாள். பிள்ளைக்கு வயிற்று வலியோ என்று நினைத்தேன்.

திரை விழுந்தது. அப்புறம் விசில் சத்தம்.

விசில் நிற்கவேயில்லை. உள்ளே இருந்த பெண் பொலிஸ் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாள். விசில் வாயிலிருந்து விழுந்ததும், "வயித்துல கட்டியிருக்கா!" என்று சிங்களத்தில் அலறினாள்.

மேடையில் நின்ற அத்தனை பேரும் ஒரே வீச்சில் தரையில் படுத்தார்கள். யாருடைய பையிலிருந்தோ எலுமிச்சம்பழங்கள் சிதறி, தண்டவாளப் பக்கமாக உருண்டு போயின. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கால் மடங்கவில்லை.

திரைக்குள்ளிருந்து என் மகளின் குரல் வந்தது. அவளும் சிங்களத்தில்தான் கத்தினாள்.

"ஆட்டாதீங்க! தயவுசெஞ்சு ஆட்டாதீங்க!"

அந்த இடத்தில், அந்த நேரத்தில், ஒரு தமிழ்ப் பெண் சொல்லக்கூடிய வார்த்தைகளில் இதைவிட மோசமானது எதுவும் இருந்திருக்காது.

எந்த டொக்டர்?

இந்தத் தொடரை வாசிக்கும் சிலர், "உங்கள் மகள் டொக்டராமே, எந்த ஆஸ்பத்திரியில்?" என்று கேட்கிறார்கள். உக்குவளையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் பல வருடங்களாக இதையேதான் கேட்டுவந்தார்.

"டீச்சர், மகளுக்கு எப்பங்க ஆஸ்பத்திரியில வேல போடுவாங்க?"

"அவ அந்த டொக்டர் இல்லங்க. ஆராய்ச்சி. புற்றுநோய்க் கலங்களப் பத்திப் படிக்கிறா."

"அப்ப, நோயாளிக்கு மருந்து குடுக்க மாட்டாங்களா?"

"இல்லங்க."

"நோயாளிய பாக்கவே மாட்டாங்களா?"

"ரொம்பக் கொறவு."

"அடப் பாவமே," என்றார் அவர். "இவ்வளவு படிச்சும்."

மூலக்கூற்று உயிரியல் என்று சொன்னால் அவருக்குப் புரியாது. உண்மையில் எனக்கும் அரைகுறையாகத்தான் புரிந்தது. நான் விஞ்ஞான ஆசிரியை. இருபது வருடங்களாகக் கரும்பலகையில் விலங்குக் கலம், அதாவது செல், வரைந்தவள். ஆப்பம் மாதிரி ஒரு வட்டம், நடுவில் ஒரு கரு, பக்கத்தில் கோடு இழுத்துப் பெயர்கள். நுணுக்குக்காட்டி என்கிற மைக்ரோஸ்கோப்பில் நான் கண்டதெல்லாம் வெங்காயத் தோலும், கன்னத்தின் உட்புறம் சுரண்டி எடுத்த கலங்களும்தான். எல்லாம் சாயம் போட்டவை, செத்தவை.

அவள் என்னதான் தேடுகிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன். அவள் சொன்ன விதத்தில் எழுதுகிறேன்.

"அம்மா, ஒடம்புல ஒரு கலம் தன்னோட எடத்த விட்டுக் கழண்டா, அது செத்துடணும். அதுக்கு அப்படித்தான் உத்தரவு. பக்கத்துல இருக்கிறவங்கள தொட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் உசிரு. ஆனா புற்றுக் கலம் இருக்குல்ல, அது கழண்டு எங்கயோ போயி ஒக்காந்தாலும் சாகாது. யாரையும் தொடாம இருக்கும். யாரு அதுக்கு 'இரு'ன்னு சொல்றா? அதான் என்னோட கேள்வி."

நறுக்கிய கத்தரிக்காய் கறுத்துப்போகும்வரை நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதற்காக அவளுக்கு உயிருள்ள கலங்கள் வேண்டியிருந்தன. நம் தேயிலைத் தோட்டங்களில் வெற்றிலையும் புகையிலையும் வாயில் அடக்கி, வாய்ப் புற்று வந்தவர்களை எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் இருக்கிற கலங்கள் இவர்களுடையவை அல்ல என்றாள். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது, அவருடைய சம்மதத்தோடு வெட்டியெடுத்த கட்டியில் சிறு துண்டு கிடைத்தது. அதைக் குடுவைகளில் வளர்க்கப் பார்த்தாள். பல குடுவைகள் செத்தன. ஒரு நாள் காலையில் தொலைபேசியில் ஒரே கூச்சல்.

"ஒட்டிக்கிட்டாங்கம்மா! அடியில ஒட்டிக்கிட்டாங்க! ரெண்டாகுறாங்க!"

யாரோ கல்யாணம் பேசி முடித்த மாதிரி நானும் சந்தோஷப்பட்டேன்.

கரண்ட் போனால்

அந்தக் குடுவைகள் முப்பத்தேழு பாகைச் சூட்டில் இருக்க வேண்டும், அதாவது நம் உடம்புச் சூடு. அதற்கென்று ஓர் அடைகாப்புப் பெட்டி இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று அவர்களுடைய ஆய்வுகூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குடுவையை விளிம்புவரை உணவுத் திரவத்தால் நிரப்பி, மூடியை இறுக்கி, ஆளுக்குச் சிலதை உடம்போடு வைத்துக்கொள்வார்கள். பையன்கள் சட்டைக்குள், கக்கத்தில். பெண்கள் இடுப்பில், துணிக்கட்டுப் போட்டு. அப்படியே உட்கார்ந்து வாசிப்பார்கள், தேநீர் குடிப்பார்கள். எல்லோரும் அடைக்கோழிகள் மாதிரி இருப்போம் என்று தர்ஷினி சிரிப்பாள்.

அன்று காலை மழையில் மரம் விழுந்து பல்கலைக்கழகப் பக்கம் முழுக்க மின்சாரம் நின்றது. இரண்டு நாட்களுக்கு வராது என்றார்கள். மாத்தளை டவுனில் தெரிந்தவர் ஒருவரின் சிறிய ஆய்வுகூடத்தில் சூடான பெட்டியொன்று சும்மா இருந்தது. அங்கே கொண்டுபோய் வைப்போம் என்று முடிவாயிற்று. என் மகள் மூன்று குடுவைகளை வயிற்றோடு கட்டி, மேலே சல்வாரைப் போட்டுக்கொண்டு, கோச்சியேறி வந்தாள்.

அந்தக் காலத்தில் தமிழ்ப் பெண்ணொருத்தி வயிற்றில் எதையோ கட்டிக்கொண்டு பிரயாணம் செய்தால் என்ன ஆகும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று எல்லோரும் இருந்த இடம்தான். எல்லோர் மனதிலும் ஒரே ஒரு எண். முப்பத்தேழு.

பொதிகள் வைக்கும் அறையில்

பக்கத்து முகாமிலிருந்து சிப்பாய்கள் வந்தார்கள். தர்ஷினியைக் கொண்டே கட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். தூர நின்று பார்த்தார்கள், பிறகு கிட்ட வந்து ஏதோ கருவியைக் காட்டினார்கள். வெடி இல்லை என்றார்கள். படுத்திருந்தவர்கள் எழுந்து உடுப்பைத் தட்டிக்கொண்டார்கள். எலுமிச்சம்பழக்காரர் தண்டவாளத்தில் இறங்கிப் பொறுக்கத் தொடங்கினார்.

எனக்கு இருபது வயதாக இருந்தபோது கலவரத்தில் மாத்தளைக் கடைத்தெரு எரிந்த புகையை உக்குவளையிலிருந்து பார்த்தவள் நான். கூட்டம் கலையத் தொடங்கினாலும் மூச்சு விடக்கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

நான் அவள் அம்மா, ஸ்கூல் டீச்சர் என்று சொன்னதும், எங்கள் இருவரையும் பொதிகள் வைக்கும் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஈரச் சாக்கு வாசனை. மேசையில் மூன்று குடுவைகள், உள்ளே ரோஸ் நிறத் திரவம். இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பேச்சு சிங்களத்தில்தான் நடந்தது.

"என்ன இது?"

"கலங்கள், சேர். வாய்ப் புற்றுநோய்க் கலங்கள்."

வாசலில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் ஓரடி பின்னால் போனார்கள். வெடி இல்லை என்றதும் கிட்ட வந்தவர்கள்தான்.

"தொத்துமா?"

"தொத்தாது, சேர்."

"இவ தொட்டுட்டாளே," என்று விசிலடித்த பெண்ணைக் காட்டினார். அவள் பெயர் நிலந்தி. என் மகள் வயதுதான் இருக்கும். கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தொட்டா ஒண்ணும் ஆகாது, சேர்."

"ஏன் வயித்துல கட்டின?"

"கரண்ட் இல்ல, சேர்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், உங்க மக என்னோட வெளையாடுறாளா?"

நான் விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "சரி, பல்கலைக்கழகத்துக் கடிதம் எங்க?" என்றார்.

"கரண்ட் இல்லாததால டைப் பண்ண முடியல, சேர்."

"உங்க பேராசிரியருக்குக் கையால எழுதத் தெரியாதா?"

"அது யாருக்கும் தோணல, சேர்," என்றாள் தர்ஷினி.

அவர் நம்பாததில் தப்பில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஒவ்வொரு குடுவையிலும் கொஞ்சம் ஊற்றியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லி, ஒரு மூடியில் கை வைத்தார்.

என் மகள் எழுந்து நின்றாள். "திறக்காதீங்க, சேர். திறந்தா காத்துல இருக்கிற கிருமி உள்ள போயிரும். ரெண்டு நாள்ல எல்லாம் செத்துரும். அந்த அம்மாவும் இப்ப இல்ல. திரும்ப எடுக்க முடியாது."

வாசலில் நின்ற சிப்பாயின் துப்பாக்கி அசைந்தது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உட்காரவில்லை.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "சேர், திறக்காமலே பாக்கலாம். ஸ்கூல்ல நுணுக்குக்காட்டி இருக்கு. நான் கொண்டாறேன்."

தலைகீழாக

நிலந்தியைக் காவலுக்கு அனுப்பினார்கள். முச்சக்கரவண்டியில் இருவரும் போனோம். வரும்போது மரப்பெட்டி என் மடியில் இருந்தது. அவள் கேட்டாள்.

"டீச்சர், அது உசிரோடயா இருக்கு?"

"ஆமா."

"என்னா சாப்பிடும்?"

"அந்த ரோஸ் தண்ணிதான்."

"என் அத்தைக்கும் வாயிலதான் வந்துச்சு," என்றாள்.

பள்ளிக்கூட நுணுக்குக்காட்டி மேலிருந்து பார்ப்பது. குடுவையில் கலங்கள் ஒட்டியிருப்பதோ அடியில். நான் குடுவையை வைத்துத் திருகித் திருகிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வியர்த்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "கவுத்துப் போடுங்கம்மா," என்றாள் தர்ஷினி. "நெறைய ஊத்தியிருக்கு, காயாது." கவிழ்த்தேன். நுணுக்குக்காட்டியின் அடிக் கண்ணாடியை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அவளே வந்து, முகவாய் திருகியில் இடிக்கிற மாதிரி குனிந்து, இரண்டு விரலால் மெல்லத் திருப்பி, "இப்ப பாருங்க, சேர்," என்றாள்.

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"கல்லு பதிச்ச தரை மாதிரி இருக்கு," என்றார். "இதுல எது புற்றுநோய்?"

"எல்லாமேதான், சேர்."

"வடிவா இருக்கே," என்றார். சொன்ன பிறகு அதற்காக வெட்கப்பட்டது போல இருந்தது.

அடுத்து நிலந்தி பார்த்தாள். பிறகு பின்வாங்கிய அந்த இரண்டு கான்ஸ்டபிள்கள். "ஒண்ணு இடுப்புக் கட்டின மாதிரி இருக்கு," என்றான் ஒருவன். அது இரண்டாகப் பிரியப்போகிறது என்று தர்ஷினி சொன்னதும், பிரியும்வரை பார்க்கிறேன் என்று நின்றான். அவனை இழுத்துவிட வேண்டியதாயிற்று.

கடைசியாக நான் பார்த்தேன். என் கரும்பலகை ஆப்பம் அங்கே எங்கும் இல்லை. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பளபளத்துக்கொண்டு, சாயமே இல்லாமல் உயிரோடு. என் மகள் சிறையின் வாசலில் நிற்கிறாள் என்பதை அந்தச் சில விநாடிகள் மறந்துபோனேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

"யாரோடது இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு தோட்டத்து அம்மாவோடது. பேர் சொல்லக்கூடாது, சேர்."

"பொலிசுக்குமா?"

"யாருக்குமே."

அவர் கோபப்படவில்லை. மறுபடியும் குனிந்து பார்த்தார். "அவங்க இல்ல. இது மட்டும் இருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழையபடி பொலிஸ்காரராகிவிட்டார். "டீச்சர், நான் நம்புறேன். ஆனா நான் நம்புறேன்னு மேல எழுத முடியாது. இவங்க சொல்றதுதான் இவங்க வேலைன்னு பொறுப்பான ஆள் ஒருத்தர் வந்து சொல்லணும். ஆறு மணிக்கு வண்டி வருது. அதுக்குள்ள யாரும் வரலன்னா, பிள்ளையையும் போத்தலையும் கண்டிக்கு அனுப்பிருவேன். அங்க திறப்பாங்க."

பேராசிரியரின் கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. சார்ஜ் இல்லை. கரண்ட் இல்லையே. அவரை வரச் சொல்லி, பொலிஸ் வயர்லெஸில் பல்கலைக்கழகப் பக்கத்துக் காவலரணுக்குச் செய்தி சொன்னார்கள். அது போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். இன்ஸ்பெக்டர் அனுமதித்ததால் தர்ஷினி குடுவைகளை இரண்டு உள்ளங்கைகளுக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டாள். "உடனே சாகாதும்மா," என்றாள். "ஆனா இவங்க கொஞ்சம் பலவீனமான கூட்டம்." தன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

திட்டினாலும் சேருமா?

இங்கே சற்று விலகிப் போகிறேன். அந்தக் காத்திருப்பை ஒரே மூச்சில் எழுத என்னால் முடியாது. இன்றும் புடவைக் கடையில் உடுப்பு மாற்றுகிற அறைத் திரையைக் கண்டால் உள்ளே நுழைய மாட்டேன். அளவு பார்க்காமலே வாங்கிவந்து விடுகிறேன்.

சில வருடங்களுக்குப் பிறகு அந்தக் கலங்களைப் பற்றி அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டு இதழொன்றில் வந்தது. இப்போது அவளும் வெளிநாட்டில்தான் இருக்கிறாள். "எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள், அதை வைத்துத்தான் வேலையும் பணமும்" என்று சொன்னாள். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

"மேற்கோள்னா என்னா சொல்வாங்க? ஒன்னப் பாராட்டுவாங்களா?"

"இல்லம்மா. அவங்க வேலைய எழுதுறப்ப, இத இன்னாரு முந்தியே காட்டியிருக்காங்கன்னு ஒரு எடத்துல சொல்லணும். அவ்வளவுதான்."

"மொதல்ல யாரு சொன்னா?"

"பிரேசில்ல ஒருத்தங்க. ஒரே ஒரு வரி."

அந்த வரியைத் தொலைபேசியில் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். புரியவில்லை. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். பார்த்தேயிராத ஊரில், பார்த்தேயிராத ஒருவர் என் மகளின் பெயரை எழுதியிருக்கிறார்.

இன்னொரு நாள், ஒருவர் அவள் முடிவு தவறு என்று எழுதியிருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ஆத்திரம் வந்தது.

"எவன் அவன்?"

"அம்மா, அதுவும் மேற்கோள்தான்."

"திட்டினாலும் சேருமா?"

"சேரும். ஒருவேள அவரு சொல்றது சரியாக்கூட இருக்கும். பாக்கணும்."

அவள் குரலில் இருந்த ஆவல் எனக்குப் பழக்கமானது. பொதிகள் வைக்கும் அறையில், துப்பாக்கிக்கு முன்னால், "இப்ப பாருங்க, சேர்" என்றபோதும் அதே குரல்தான்.

கட்டுரையில் வேலைமுறை எழுதும் பகுதியை ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டினாள். கலங்கள் முப்பத்தேழு பாகையில் வைத்து வேறோர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்று இருந்தது. அவ்வளவுதான். கோச்சி இல்லை, திரை இல்லை, நான் இல்லை. "இதெல்லாம் எழுதக் கூடாதா?" என்றேன். "நீங்க எழுதுங்கம்மா," என்றாள்.

ஆறு மணிக்கு முன்னால்

மழை கூடியது. வண்டி நேரத்துக்கு முன்பே வந்து, நிலையத்துக்கு வெளியே இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை எடுத்தார். "பிள்ள, வாங்க," என்றார், பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு. தர்ஷினி குடுவைகளை என்னிடம் தரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அறையைவிட்டு வெளியே வந்தோம். அப்போது தெருவில் ரொட்டி விற்கிற பாண் வான் ஒன்று வந்து நின்றது. அதன் முன் இருக்கையிலிருந்து ஒரு சிங்கள அம்மா இறங்கினார். ஒல்லியான உருவம், நரைத்த கொண்டை, முழங்கால்வரை நனைந்த சேலை. குடை இல்லை. இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"மெடம்," என்றாள் என் மகள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது.

பேராசிரியர் எங்கள் பக்கம் ஒரு தலையசைப்போடு சரி. இன்ஸ்பெக்டரிடமும் வரவில்லை. நேரே வரிசைக்குப் போனார். அந்த நேரத்தில் வரிசையில் வேறு யாரும் இல்லை. பச்சைத் திரையின் முன்னால், வாயருகே விசிலோடு நின்ற நிலந்தியிடம் போய் நின்று, மூச்சு வாங்கச் சிங்களத்தில் சொன்னார்:

"மகள், விசில் அடிச்சிராதீங்க. என் வயித்துலயும் மூணு இருக்கு."